கடைக்கு ஆள் கிடைக்கவில்லையா? தொழிற்பழகுநர் முறை பற்றி ஒரு பாடம்

சங்கக் கூட்டத்தில் வரி, உரிமம், பெரிய அங்காடிகளின் போட்டி எல்லாவற்றையும் பேசி முடித்துத் தேநீர் வந்ததும், அங்கங்கே இரண்டு மூன்று பேராக நின்று நாம் பேசிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "கடைக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குதே." கன்னிவாடிக் கடைத்தெருவில் மட்டுமல்ல, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கும் போய்விடுகிறார்கள். படித்தவர்கள் கடைப்படி ஏறுவதில்லை. தில்லியில் இருப்பவர்கள் 'நாட்டில் திறன் பற்றாக்குறை' என்று பெரிய சொல்லாகச் சொல்வதைத்தான் நாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சின்னச் சொல்லாகச் சொல்கிறோம்.

இந்தக் குறைக்கு மருந்தாக அரசு சொல்வது இரண்டு: ஒன்று தொழிற்பழகுநர் முறை, அதாவது நாம் 'அப்ரண்டிஸ்' என்று சொல்வது. மற்றொன்று கல்லூரியும் தொழிலும் கைகோத்துப் பயிற்சி தருவது. இவை ஆலைகளுக்கு உரியவை, மளிகைக் கடைக்கு இவற்றால் என்ன என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் நம் வீட்டுக் குறையைச் சொல்லிவிடுகிறோம். நம் கடையில் ஒன்பது வருடம் ஒரு பையன் இருந்தான். மூட்டை இறக்கினான், எடை போட்டான், பொட்டலம் கட்டினான், மழை நாளில் சாக்கு விரித்தான். ஒரு நாள் திருப்பூருக்குப் போய்விட்டான். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, ஊரில் சிறிதாக ஒரு கடை போட வேண்டும் என்று வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். நம்மிடம் வந்து, "அண்ணாச்சி, நம்ம கடையில ஒம்பது வருசம் இருந்தேன்னு ஒரு லெட்டர் தாங்க. உனக்கு என்ன தொழில் தெரியும்னு பேங்குல கேக்குறாங்க" என்றான். தாராளமாகத் தருகிறோம் என்று தாளை எடுத்தோம். நேர்மையானவர், நல்லொழுக்கம் உள்ளவர் என்று இரண்டு வரி எழுதியாயிற்று. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கொள்முதல் தெரியுமா? ஒரு முறை கூட மண்டிக்கு அழைத்துப் போனதில்லை. கணக்குத் தெரியுமா? பேரேட்டைத் தொடவே விட்டதில்லை; தெரிந்துகொண்டால் எதிர்க்கடை போட்டுவிடுவான் என்ற பயம்தான். அடக்க விலை போடத் தெரியுமா? அதை நம் சொந்தப் பிள்ளைக்கே சொல்லித்தரவில்லை. ஒன்பது வருடத்தில் நாம் அவனிடம் வேலை வாங்கினோமே தவிர, தொழில் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆகவே ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு, நாம் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டதால் வந்தது என்பதே நம் கருத்து. சிலருக்கு இது கசக்கலாம்.

முன்னோர் இப்படி இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் கடை நடத்திய காலத்தில், கடைக்குப் போகும் பையன் முதலில் பெட்டியடிப் பையன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே வட்டிக் கணக்கும் ஏடும் பழகுவான். அடுத்து அடுத்தாள், அதற்கு மேல் மேலாள். ஒரு தவணை மூன்று ஆண்டு என்பது வழக்கம். ஒவ்வொரு படியிலும் என்ன பொறுப்பு, அடுத்த படி எது என்பது பையனுக்கும் தெரியும், அவன் வீட்டாருக்கும் தெரியும். நம் கடைகளில் இன்று சேரும் பையனுக்கு அடுத்த படி எது? மூட்டைதான்.

வணிகர்கள் கல்வியைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டதும் புதிதல்ல. விருதுநகரில் வியாபாரிகள் தங்கள் சரக்கின் மீது தாங்களே மகமை விதித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். காமராசர் படித்த பள்ளி அதுதான். கோயம்புத்தூரில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். 1926இல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையம் அதுவே. அதன் தொழிற்கூடத்தில் மோட்டாரும் பம்பும் விற்பனைக்கே உற்பத்தியாகின்றன, பக்கத்திலேயே கல்லூரி, மாணவர் படிப்பதும் பட்டறையைப் பார்ப்பதும் ஒரே வளாகத்தில். கல்லூரியும் தொழிலும் கைகோப்பது என்று இன்று புதிதாகச் சொல்வதை அவர்கள் அன்றே செய்துவிட்டார்கள்.

கற்றுக்கொடுப்பது நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், திண்டுக்கல் பூட்டே போதும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை. ஆனால் மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே அறுத்து, ராவி, லிவர் பொருத்தக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருவது அருகிவிட்டது. அலிகார் இயந்திரப் பூட்டின் விலைக்கு முன்னால் நிற்க முடியாமல் பட்டறைகள் குறைந்தன. பட்டறை குறைந்ததும் பழகும் இடமும் குறைந்தது. குறியீடு பெயரைக் காக்கும். கைத்திறனை இன்னொரு கைதான் காக்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் அது ஆலைகள், பட்டறைகள், பிட்டர், டர்னர் போன்ற தொழில்களோடுதான் இருந்தது. 2014இல் செய்த திருத்தத்தால் 'விருப்பத் தொழில்' என்று ஒரு வகை வந்தது; சில்லறை விற்பனை, கிடங்கு வேலை போன்றவற்றிலும் பழகுநர் சேர்க்க வழி பிறந்தது. 2019இல் விதிகள் மேலும் திருத்தப்பட்டன. அவற்றில் நமக்கு வேண்டியவை இவை: முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள இடம் விரும்பினால் சேர்க்கலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும் எண்ணிக்கையில் சேருவார்கள். மொத்த ஆட்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பழகுநர் இருக்கக் கூடாது. விருப்பத் தொழிலில் பயிற்சிக் காலம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை.

பதினான்கு வயது நிரம்பாதவரைச் சேர்க்க முடியாது. ஆபத்தான தொழிலுக்குப் பதினெட்டு. பத்து வயதுப் பையனைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்து கடையில் போட்ட காலம் மலையேறிவிட்டது. அது மலையேறியதில் நமக்கு வருத்தமும் இருக்கக் கூடாது.

பணம் எவ்வளவு? 2019 விதிப்படி ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் குறைந்தது 5,000 ரூபாய். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000. பன்னிரண்டாம் வகுப்புக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இந்தத் தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரை செய்தது. எனவே ஆள் சேர்க்கும் நாளில் நடப்பு விகிதத்தைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2016 ஆகஸ்டில் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கும் என்று வைத்தார்கள். 2023 முதல் அந்தப் பங்கு நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகும்படி மாற்றினார்கள். 2019 விகிதத்தில் பத்தாவது முடித்த ஒருவருக்கு 6,000 என்றால் அரசுப் பங்கு 1,500, நம் கையிலிருந்து 4,500.

பட்டதாரிக்கும் டிப்ளமோ படித்தவருக்கும் வேறு திட்டம். அதைத் தென்னிந்தியாவுக்குச் சென்னையில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் நடத்துகிறது. அதில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்கிறது.

பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஆகவே வைப்பு நிதி, தொழிலாளர் காப்பீடு போன்றவை அவருக்குப் பொருந்தா. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு தருவது நம் பொறுப்பு. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரும் நம்மிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. இதைப் படித்ததும் சிலர், 'அப்படியானால் மலிவாக ஆள் கிடைக்குமே' என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கோடு இதில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். திருப்பூரில் கிடைக்கும் கூலிக்கு இந்தத் தொகை ஈடாகாது. அதை விட்டு ஒரு பிள்ளை நம் கடைக்கு வருகிறது என்றால் கற்றுக்கொள்ளவும், கையில் ஒரு சான்றிதழோடு போகவும்தான் வருகிறது. மூட்டை தூக்க மட்டும் வைத்தால் இரண்டாம் மாதமே பேருந்து ஏறிவிடும்.

இப்போது சட்டத்தின் ஓட்டையைப் பார்ப்போம். நான்கு பேர் என்ற கணக்கு இருக்கிறதே, அது கன்னிவாடியில் எத்தனை கடைக்குப் பொருந்தும்? முதலாளி, அவர் மனைவி, கூலிக்கு இரண்டு பேர் என்றால் நான்கு ஆகாது. பெரும்பாலான மளிகைக் கடைகள் இந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றன. மொத்த வியாபாரக் கிடங்கு, எண்ணெய்ச் செக்கு ஆலை, அரிசி ஆலை, காய்கறி மண்டி இவற்றுக்குத்தான் கதவு திறந்திருக்கிறது. ஏழு பேர் உள்ள மண்டி ஒருவரைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஆனால் அதே சட்டத்தில் நம்மில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. முதலாளிகள் பலர் ஒன்று சேர்ந்து, தங்களிடம் உள்ள பழகுநர்களை ஒருவர் இடத்திலிருந்து மற்றவர் இடத்துக்கு மாற்றி மாற்றி அனுப்பிச் செய்முறைப் பயிற்சி தரலாம் என்று அது சொல்கிறது. மளிகைத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. மண்டியில் கொள்முதல் பழகலாம், ஆலையில் தரம் பழகலாம், சில்லறைக் கடையில் வாடிக்கையாளரைப் பழகலாம். ஒப்பந்தம் போடுவது சட்டத் தகுதி உள்ள பெரிய இடங்களாக இருக்கட்டும். சின்னக் கடைகளின் பங்கை எப்படிச் சேர்ப்பது என்பதைத் திண்டுக்கல் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தாரோடு சங்கம் உட்கார்ந்து பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் செய்துவிட்டுப் பிறகு ஆய்வாளர் வந்ததும் கையைப் பிசைய வேண்டாம்.

சங்கம் என்று சொன்னதும் ஜெர்மனி நாட்டு வழக்கத்தைச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே மளிகைக் கடையில் விற்பனை செய்வதும் ஒரு முறையான தொழில். விற்பனையாளர் பயிற்சி இரண்டு ஆண்டு. சில்லறை வணிகர் பயிற்சி மூன்று ஆண்டு. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள்கள் கடை. பள்ளியை அரசு பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும், இறுதித் தேர்வு நடத்துவதும், சான்றிதழ் தருவதும் அந்தப் பகுதியின் தொழில் வணிகச் சபை. வணிகர்களே கேள்வி கேட்டு, வணிகர்களே மதிப்பெண் போட்டு, 'இவருக்குத் தொழில் தெரியும்' என்று கையெழுத்திடுகிறார்கள். அதனால் ஒரு கடையில் பழகியவரின் தாளை அடுத்த ஊர்க் கடைக்காரர் நம்புகிறார். நம்மிடம் மாநாடு நடத்தத் தெரிந்த சங்கங்கள் உண்டு, கடையடைப்பு நடத்தத் தெரிந்த சங்கங்கள் உண்டு. தேர்வு நடத்துகிற சங்கமாக ஒன்று இருந்தால் என்ன?

கல்லூரிக்கும் அதிகம் அலைய வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.இராமச்சந்திரனும் தொடங்கியது. சௌந்தரம் அம்மையார் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த சுந்தரம் ஐயங்காரின் மகள். தொழில் வளர்த்த வீட்டுப் பெண்தான் கிராமத்துக்கு வந்து கல்விக்கூடம் அமைத்தார். 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே படிக்கும் மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, அந்த ஊர் நிலையை நேரில் அறிந்து வருவது பாடத்திலேயே ஒரு பகுதி. கூட்டுறவும் மேலாண்மையும் அங்கே பாடங்களாக உண்டு. கிராமத்தில் தங்கும் மாணவர் நாலு நாள் கிராமத்துக் கடையிலும் உட்காரட்டும் என்று நாம் கேட்டதுண்டா? அதற்கும் மேலே, பட்டப் படிப்பின் ஒரு பகுதியையே தொழிற்பழகுநராகக் கழிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அது எல்லாக் கல்லூரிக்கும் பொதுவானது. வணிகவியல் படிக்கும் மாணவர் ஒரு பருவம் மொத்த வியாபாரக் கிடங்கில் பழகினால் அவருக்கு மதிப்பெண், நமக்குக் கணக்குக்கு ஆள். கல்லூரி தானாக நம் கடைத்தெருவைத் தேடி வராது. யாராவது ஒருவர் போய் முதல்வரைப் பார்த்து, இத்தனை இடம் எங்களிடம் இருக்கிறது என்று தாளில் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வருமா என்று ஐயப்படுபவர்கள், கன்னிவாடியிலேயே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த வேலையை எண்ணிப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த வித்தையைச் சுற்றுவட்ட மகளிர் குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பூச்சி முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியை வளர்ப்பது பட்டணத்து ஆய்வாளர் வேலை என்று நினைத்திருந்தோம். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அதைக் கற்று, விவசாயிகளுக்கு விற்றார்கள். சொல்லித்தர ஆளும், பழக இடமும், பொறுமையும் இருந்ததால் நடந்தது.

சரி, கடையில் எதைக் கற்றுக்கொடுப்பது? ஏட்டில் வந்த பாடத்திட்டம் வாடிக்கையாளரை வணங்குவதில் தொடங்கி அலமாரி அடுக்குவதில் முடிகிறது. அது பெரிய அங்காடிக்குப் போதும். நமக்குப் போதாது.

மூட்டை வந்து இறங்கியதும் குத்தூசி போட்டு மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி. மூன்றையும் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பார்ப்பது. மிளகாய் வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சத்தம் இல்லாமல் வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. ஈர வற்றல் பூஞ்சணம் பிடிக்கும், காயக் காய எடையும் குறையும், அந்த எடைக்கு நாம்தான் காசு கொடுத்திருப்போம். பருப்பில் வண்டு முதலில் எங்கே தெரியும், பழைய சிப்பத்தை முன்னால் தள்ளிப் புதியதை ஏன் பின்னால் அடுக்க வேண்டும், சுவரை ஒட்டி ஏன் மூட்டை போடக் கூடாது என்பதெல்லாம் நமக்கு மூச்சு விடுவது போல. அதனாலேயே சொல்லித்தர மறந்துவிடுகிறோம்.

அடுத்தது அடக்க விலை. இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பையன் ஐம்பதால் வகுத்துக் கிலோ 110 என்பான். 114க்கு விற்றால் நாலு ரூபாய் லாபம் என்று மகிழ்வான். வண்டிச் சத்தமும் இறக்குக் கூலியும் 60 ரூபாய். புடைத்து, சிந்தி, எடை போட்டதில் சேதாரம் அரைக் கிலோ. இப்போது 5,560ஐ நாற்பத்தொன்பதரையால் வகுக்கச் சொல்லுங்கள். கிலோ 112 ரூபாய் 32 காசு. நாலு ரூபாய் லாபம் ஒரு ரூபாய் 68 காசாகிவிட்டது. கடை வாடகையும் மின்கட்டணமும் இன்னும் வரவில்லை! இந்த ஒரு கணக்கைத் தானே போடத் தெரிந்த பிள்ளை, அதற்குப் பிறகு தராசில் கை நடுங்காமல் நிற்கும்.

பிறகு தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுவது, பொட்டலத்தின் மேல் என்னென்ன அச்சிட்டிருக்க வேண்டும், காலாவதி நாள் பார்ப்பது, சரக்கு சேவை வரிப் பட்டியல் எழுதுவது. கணினியில் எழுதுவதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே நாம்தான் பழகுநர். கடைசியாகக் கடன். யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு வரை, முகம் கோணாமல் திருப்பிக் கேட்பது எப்படி. இதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது. நாமும் கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம்.

எதிர்க்கடை போட்டுவிடுவானே என்ற பயம் பலருக்கு இருக்கும். நமக்கும் இருந்தது என்று மேலே ஒப்புக்கொண்டோம். ஆனால் கண் மங்கி, முழங்கால் வலித்து, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, கடையை ஒப்படைக்க ஆளில்லாமல் பூட்டிய கடைகள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களுக்கு எதிர்க்கடைக்காரன் வந்து தொல்லை கொடுக்கவில்லை. தொழில் தெரிந்த ஒருவன் கைமாற்றாக வாங்கி நடத்த முன்வந்திருந்தால், ஐம்பது வருடப் பெயருக்கும் ஒரு விலை கிடைத்திருக்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். கடையில் வேலை செய்பவர் எத்தனை பேர், அவர்கள் எதுவரை படித்திருக்கிறார்கள், எந்தச் சரக்கில் உங்களுக்கு நல்ல பழக்கம், வாரத்தில் எந்த நாள் பிற்பகல் ஒரு மணி நேரம் சொல்லித்தர முடியும். நான்கு பேருக்கு மேல் வைத்திருப்பவர்கள் தனியே ஒரு பட்டியல். இரண்டு பட்டியலும் கையில் இருந்தால்தான் தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ காந்திகிராமத்துக்கோ போய்ப் பேச முடியும். மிளகாய், மல்லி, புளி மூன்றுக்கும் சொல்லித்தர நாம் பெயர் கொடுத்துவிட்டோம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஆள் வேண்டும்.

அந்தத் தம்பிக்குக் கடிதம் எழுதித்தான் கொடுத்தோம். மறுநாள் காலை மண்டிக்குப் போகும்போது அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம்.